யார் வெளியே விட்டது?

கொழும்புக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒரே வரியில் இருந்தது. நாங்கள் காப்புரிமை கேட்ட முறை, விண்ணப்பிக்கும் முன்பே இணையத்தில் வெளியாகிவிட்டதாம். மேன்முறையீடு செய்யலாம், அந்த ஆவணத்தின் பிரதி பிறகு வருமாம்.

அப்பாவின் செத்தவீட்டை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டப் போய்க் கண்டுபிடித்த முறை அது. படம் முதலில் போய்ச் சேர்ந்த கைபேசியே அடுத்தவருக்கும் அதை அனுப்பிவிடும். அதனால் கொக்குவிலில் எங்கள் வீட்டு இணைப்பு திணறாது. இதை முழுதாக அறிந்தவர்கள் நானும், கோப்பாயில் இருக்கும் என் கூட்டாளியும்தான்.

நான் சொல்லவில்லை. அப்படியென்றால் அவன்தான். எனக்குச் சந்தேகம் சளி மாதிரி, பிடித்தால் லேசில் விடாது. அவன் கைபேசியைக் கவிழ்த்து வைப்பதும், அழைப்பு வந்தால் எழும்பி வெளியே போவதும் வேறு மாதிரித் தெரியத் தொடங்கின. சொல்லாமல் கடவுச்சொற்களை மாற்றினேன். அவன் ஏனென்று கேட்கவில்லை. கேட்காததையும் குற்றத்தோடு சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் சம்மதமில்லாமல் வேறொருவர் வெளியிட்டதென்று காட்டினால் வழியுண்டு என்றார் சாவகச்சேரிச் சட்டத்தரணி. அப்போ, தான் எவருக்கும் சொல்லவில்லையென்று கூட்டாளி சத்தியக்கடதாசி தரட்டும் என்றேன். பொய்ச் சத்தியம் செய்யப் பயந்து மறுப்பான், பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் பஸ்ஸில் வந்து, இரண்டு தரம் வாசித்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் கையெழுத்து வைத்தான்.

அடுத்த கிழமை பிரதி வந்தது. அப்பாவின் கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த நினைவுப் புத்தகம். தேவாரம், வாழ்க்கை வரலாறு எல்லாம் முடிந்து, நன்றி சொல்லும் பக்கத்தில், நேரலை எப்படிச் செய்தோம் என்று படிப்படியாக விளக்கியிருந்தது. எழுதியவன் நான். வரமுடியாத சொந்தங்கள் வாசிக்கட்டுமென்று இணையத்தில் ஏற்றியவனும் நான். விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம் முந்தி. மேன்முறையீட்டில் சொல்ல இனி ஒன்றும் இல்லை.

அன்றைக்கே கோப்பாய்க்குப் போனேன். அவன் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். தாளை நீட்டினேன்.

"உது எனக்கு முதலே தெரியும் அண்ணை. கடிதம் வந்தண்டே தேடிப் பாத்தனான்."

பிறகேன் சொல்லவில்லை என்று கேட்டேன். வாய்க்காலை மண்வெட்டியால் மறித்துவிட்டு நிமிர்ந்தான்.

"நீங்கள் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. கையெழுத்துத்தானே கேட்டனீங்கள்."