இருபது மில்லிகிராமும் கொசுறும்

என் கையைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமை உண்டு. இப்போதும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. எழுபதுகளின் கடைசியில் சாந்தன்பாறைக்கு மேலே, பழைய ஏலக்காய்க் கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து ஒரு மருந்துக் கம்பெனி சின்ன ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. மலையில் கிடைக்கிற செடிகொடிகளைக் காயவைத்து, சத்தைப் பிரித்துப் பொடியாக்கி, எந்தப் பொடி கிருமியைக் கொல்லும் என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. பொடி நிறுப்பவள் நான். இரண்டு வருடம் என்னைத் தவிர வேறு யாரும் அந்தத் தராசைத் தொட்டதில்லை. நான் தொட விட்டதில்லை என்பதுதான் சரி.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இரட்டைத் தட்டுத் தராசு அது. இரண்டு தட்டிலும் ஒரே அளவு மெழுகுத்தாள். ஒரு பக்கம் இருபது மில்லிகிராம் எடைத்துண்டு, மறுபக்கம் பொடி. மெல்லிய நீளக் கரண்டியின் நுனியைத் தட்டித் தட்டிப் பொடியை விழவைக்க வேண்டும். முள் ஆடி அடங்கி நடுவில் நின்றால் பொடியைச் சிறு புட்டியில் கொட்டி மூடிவிடலாம். பிறகு அதைக் கரைத்து, சூடான கடல்பாசிக் கூழில் கலந்து, வட்டக் கண்ணாடித் தட்டில் ஊற்றுவோம். கூழ் உறைந்ததும் மேலே கிருமியைத் தடவி வெதுவெதுப்பான அலமாரியில் வைப்போம். மறுநாள் கிருமி முளைத்திருந்தால் அந்தச் செடி தோற்றது. தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் ஜெயித்தது. இருபது மில்லிகிராமிலேயே கொல்ல வேண்டும், அது கம்பெனி வைத்த அளவு. ஜெயித்தவை பட்டியலில் ஏறும். இரண்டு வருடத்தில் ஒன்பது ஏறியிருந்தன. அந்த ஒன்பதையும் நான் பெற்ற பிள்ளைகளைப் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணம் ஆகாத பெண் இப்படிப் பேசலாமா என்று அம்மா திட்டுவாள்.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததே பூப்பாறையில் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடையால்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. எஸ்டேட் ஜனம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேரே எங்கள் கடைக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இரண்டு வருடப் பிரீடிகிரி முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது, ஆய்வுக்கூடத்து அதிகாரி சீரகம் வாங்க வந்தார். நான் நிறுத்துக் கொடுத்ததைப் பார்த்தார். அடுத்த வாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். ஒரு பார்வையில் என் கையின் அருமை தெரிந்த மனிதர் என்று அன்றே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. கூடவே அதைச் செய்தவரும் இறங்கினார். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்து ஆள். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கருவிகள் செய்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி. பொடியைத் தானாக நிறுத்துப் புட்டியில் போட்டு, கூழையும் தானாகத் தட்டில் ஊற்றும் இயந்திரம் அது. உள்ளே தகரத்தில் செய்த நாக்கு போன்ற ஒன்று நடுங்கிக்கொண்டே இருக்கும், பொடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விழும். எடை சரியானதும் தராசுக் கோல் ஒரு விளக்கின் வெளிச்சத்தை மறைக்கும். உடனே நடுக்கம் நின்றுவிடும். நான் மணிக்குப் பத்து புட்டி நிறுத்தால் அது ஐம்பது நிறுத்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலை என்ன சொல்ல!

முதல் இரண்டு நாள் மூடுபனியில் பொடி கட்டிதட்டி அந்த நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. நான் வாய்விட்டே சிரித்தேன். அவர் கோபப்படாமல் ஒரு பல்பை உள்ளே தொங்கவிட்டு ஈரத்தைப் போக்கிவிட்டார். அதன்பிறகு இயந்திரம் நன்றாகவே ஓடியது. அதிகாரி பட்டியலில் இருந்த ஒன்பதில் இரண்டை எடுத்து, அதே பொடியை என்னையும் இயந்திரத்தையும் தனித்தனியே நிறுக்கச் சொன்னார். மறுநாள் பார்த்தால் என் தட்டுகள் சுத்தமாக இருந்தன. இயந்திரத்தின் தட்டுகளில் கிருமி புள்ளிபுள்ளியாக முளைத்திருந்தது. மறுபடி செய்தோம், மறுபடியும் அதேதான். மூன்றாவது முறையும் அப்படியே வந்ததும் அதிகாரி இரண்டு பேரையும் கூப்பிட்டார். கோட்டயத்துக்காரர் அவர், தமிழில் மலையாளம் கலந்துதான் பேசுவார்.

"ரெண்டுல ஏதோ ஒண்ணு கள்ளம் பறையுது. எதுன்னு சனிக்கிழமைக்குள்ள எனக்கு அறியணும். மிசின்னா அதைத் திருப்பி அயச்சிருவேன். கையின்னா, இந்த லிஸ்டு மொத்தமும் வேஸ்டு. பின்னே இந்த லேபை நடத்தி என்ன காரியம்?"

இயந்திரம் குறைத்து நிறுக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கண்ணாடி கழுவுகிறவர் முதல் செடி பறித்து வருகிறவர் வரை என் பக்கம்தான். பாவம், இயந்திரம் செய்த மனிதர் ஒரு நாள் முழுக்க என் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் எழுந்து, "ஏனுங்க அம்மிணி, முள்ளு நடுவுலதானுங்க நிக்குது. ஒரு மயிரிழை அங்கிட்டு இங்கிட்டு இல்லீங்க. என்ற மிசின்லதான் எங்கியோ கோளாறு இருக்கோணும்" என்றார். அப்போதாவது எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இயந்திரம் நிறுத்த புட்டிகளை என் தராசில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்டார். "விளையாட்டுச் சாமானை எல்லாம் நிறுக்கிற தராசு இல்லண்ணே இது" என்று சொல்லிவிட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வியாழக்கிழமை மதியம் அவர் இயந்திரத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார். சனிக்கிழமை வரை காத்திருந்து அவமானப்பட அவருக்கு மனமில்லை. என்னிடம் வந்து கயிறு இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் சாப்பிடப் போனார். எனக்கோ வேறு கவலை. இந்த மனிதர் கோயம்புத்தூர் போய், மலைமேல் ஒரு பெண் நிறுக்கத் தெரியாமல் தன் இயந்திரத்தின் பேரைக் கெடுத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டால்? அவர் புட்டிகளின் குறைந்த எடையைக் கையோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்குப் பேச வாய் இருக்காது. அந்தக் கெட்ட எண்ணத்தோடுதான் இயந்திரம் நிறுத்த பத்துப் புட்டிகளை எடுத்தேன். முதலில் புட்டியோடு சேர்த்து நிறுத்து, பொடியைத் தட்டித் துடைத்தபின் வெறும் புட்டியை நிறுத்து, கழித்துக் கணக்குப் போட்டேன். இருபது. அடுத்ததும் இருபது. பத்தும் அப்படித்தான், எங்காவது ஒரு மில்லிகிராம் முன்னே பின்னே.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் நிறுத்த புட்டி ஒன்றை எடுத்து அதே மாதிரி செய்தேன். இருபத்தைந்து. கணக்கில் பிசகு என்று மறுபடி போட்டேன். இருபத்தைந்துதான். இன்னொரு புட்டியிலும் இருபத்தைந்து. என் தராசு, என் கை, என் புட்டி. யாரோடு போய்ச் சண்டைபிடிக்க முடியும்?

புதிதாக ஒன்றை நிறுக்கத் தொடங்கினேன், இந்த முறை முள்ளைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு. பொடி விழுந்தது. முள் நடுவில் நின்றது. தாளை எடுத்துப் புட்டியில் கொட்டினேன். அதற்குப் பிறகு என் வலது கை, யாரும் சொல்லாமல், கரண்டியின் நுனியில் ஒட்டியிருந்த மிச்சப் பொடியையும் அந்தப் புட்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே போட்டது. போட்டுவிட்டுத் திருப்தியாக மூடியைத் திருகியது.

கொசுறு! பத்து வருடம் கடையில் செய்த காரியம். பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிய பிறகு ஒரு சிட்டிகை மேலே போடாமல் நான் யாரையும் அனுப்பியதில்லை. சரியாக நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் அது எங்கள் ஊரில் கருமித்தனம். இங்கும் முள் நடுவில் நின்றதோடு நிறுப்பது முடிந்துவிட்டது. அதன்பிறகு போட்டது என் கணக்கில் எடையே இல்லை. எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவரும் முள்ளைத்தான் பார்த்தார், அதற்குப்பின் என் கை செய்த தர்மத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக நான் செடிகளுக்குக் கொசுறு போட்டு ஜெயிக்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. கயிறும் நானே கொடுத்தாயிற்று. மறுநாள் காலை ஜீப் வந்தால் பெட்டி மலையிறங்கிவிடும். பட்டியல் அப்படியே இருக்கும், ஆய்வுக்கூடம் இருக்கும், என் பேரும் இருக்கும். ஆனால் அந்த மனிதர் கைகழுவிவிட்டு வந்து, தகர நாக்கைத் துணியில் சுற்றும்போது அதை ஒருமுறை தடவிப் பார்த்தார். எழுந்து அவரிடம் போனேன்.

"அண்ணே, கட்டாதீங்க. தப்பு மிசின்ல இல்ல. மாதா மேல சத்தியமா, என் கையிலதான்."

அவர் முகத்தில் நம்பிக்கையே இல்லை. நிறுத்துக் காட்டினேன். கரண்டியைத் தட்டும் இடத்தில் நிறுத்தி, "இதுதான், இதைத்தான் நீங்க பாக்கல" என்றேன். அவர் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிப் பார்த்தார். பிறகு படபடவென்று பொரிந்தார்.

"ஏனுங்க, நாலு நாளாத் தூக்கமில்லாம கெடந்தனுங்க நானு! பொட்டிக்குள்ள பேய் புகுந்துருச்சுன்னு நெனச்சேன்!"

திட்டட்டும் என்று நின்றேன். அவரே அடங்கினார். அடங்கியதும் அவர் கேட்ட இரண்டு கேள்விகள்தான் எங்கள் எல்லோரையும் காப்பாற்றின.

"எல்லாத் தடவையும் போடுவீங்களா?"

"ஒரு தடவைகூட விடமாட்டேன்."

"எல்லாத் தடவையும் இதே அளவுதானுங்களா?"

தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள உட்கார்ந்தோம். அன்று மாலையும் வெள்ளிக்கிழமை முழுக்கவும் நான் வெறும் கொசுறு மட்டும் தட்டினேன், அவர் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினார். நாற்பது முறை. எல்லாம் ஐந்து, ஒன்றிரண்டு நாலரை, ஒன்று ஐந்தரை. அவர் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மிணி, என்ற மிசின் கூட இத்தனை ஒழுங்கா நிறுக்காதுங்க" என்றார். தப்பு செய்தாலும் என் கை ஒரே மாதிரிதான் செய்திருக்கிறது. அந்த நிலையிலும் எனக்குப் பெருமை வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

சனிக்கிழமை அதிகாரியிடம் தாளை நீட்டினேன். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். கதவைச் சாத்திவிட்டு, தராசு பழசு, அதன் மேல் பழியைப் போட்டு எழுதிவிடலாம், தலைமை ஆபீசில் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். என் மேல் பிரியத்தில்தான் சொன்னார். "சார், தராசு ஒரு குத்தமும் செய்யல. நிறுத்தவ கைன்னே எழுதுங்க. கூடவே இந்த நாப்பதையும் எழுதுங்க. ரெண்டு வருசத்து நோட்டுல இருபதுன்னு இருக்கிற எடத்துல எல்லாம் இருபத்தஞ்சுன்னு வாசிச்சாப் போதும், ஒரு பக்கத்தையும் கிழிக்க வேண்டாம்" என்றேன்.  அவர் நான் சொன்னபடியே எழுதினார். நானே கீழே கையெழுத்துப் போட்டேன்.

நோட்டுப் பிழைத்தது. பட்டியல் என்ன ஆகும் என்பதுதான் மிச்சம். இருபது மில்லிகிராமில் ஒன்றும் நிற்காவிட்டால் பட்டியல் மொத்தமும் போனது; அப்படிப் போனால் ஆய்வுக்கூடத்தை நடத்துவதில் அர்த்தமில்லை என்று அதிகாரி ஏற்கெனவே சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இயந்திரத்தைச் சாக்கிலிருந்து பிரித்து மறுபடி பூட்டினோம். ஒன்பது பொடிகளையும் அதுவே நிறுத்தது, கூழையும் அதுவே ஊற்றியது. நான் பக்கத்தில் நின்றேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. ஒவ்வொரு புட்டியும் நிறைந்து நகரும்போது என் விரல் தானாக அசைந்தது. அதைப் பார்த்து இயந்திரம் செய்தவர் சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போகாமல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். அலமாரியைத் திறந்தபோது அதிகாரியும் அவரும் பின்னால் நின்றார்கள். முதல் தட்டில் புள்ளிகள். இரண்டாவதிலும் புள்ளிகள். அவை நாங்கள் ஏற்கெனவே தோற்கக் கண்டவை. மூன்றாவதும் போனது. நான்காவது தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன், திருப்பினேன், மறுபடி திருப்பினேன். ஒரு புள்ளிகூட இல்லை. ஒன்பதையும் பார்த்து முடித்தபோது ஐந்து தோற்றிருந்தன, நான்கு நின்றிருந்தன.

அந்த நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு அழுதேன். எத்தனையோ செடிக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. இந்த நான்குக்கும் நான் ஒன்றுமே கொடுக்கவில்லை.