பென்டிரைவில் இருந்த பிள்ளையார் பாட்டு

பழைய மடிக்கணினிக்குப் கடையில் புது எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் போட்டேன். பீடோங்கில் இருக்கும் அந்தக் கடையில் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. பாக்கார் ஆராங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் மழைக்கு முந்திய வானம்போலக் கறுத்து நின்றது திரை.

அதில்தான் மனைவியின் இணைய வகுப்பு. நேற்றே தாமதம். இன்றும் தாமதித்தால் ஜித்ராவிலிருந்து படிக்கும் பிள்ளைகள் வேறு டீச்சரிடம் போய்விடுவார்கள். நான் கடைக்காரரை ஏசிக்கொண்டே மறுபடி அணைத்தேன்.

"அவர ஏன்லா ஏசுறீங்க? இது எழும்புறதுக்குள்ள பாட்ட ரேடியோவுலயாச்சும் போடுறேன்" என்று பென்டிரைவைப் பிடுங்கினாள் மனைவி. வேலை தொடங்குமுன் பிள்ளையார் பாட்டு கேட்கவேண்டும் என்று நான் வீட்டில் எப்போதும் கணினியில் செருகியே வைத்திருப்பது அது.

எரிச்சலோடு சுவிட்சைத் தட்டினேன். பளிச்சென்று திறந்தது! பென்டிரைவைத் திரும்பச் செருகி, அணைத்துப் போட்டுப் பார்த்தேன்; மறுபடி கறுப்பு. கணினி எழும்பும்போது முதலில் பென்டிரைவுக்குள் போய்த் தன்னை இயக்கும் மென்பொருளைத் தேடியிருக்கிறது. கணினியின் அமைப்பில், அது தேடும் வரிசையில் பென்டிரைவைக் கடைசிக்குத் தள்ளினேன்.

"பிள்ளையாரையே கடைசியாக்கிட்டீங்களா?"

"மொதல்ல இது முழிக்கட்டும்மா, அப்புறம் அவர் பாடட்டும்."

சிரித்துக்கொண்டே நேரத்துக்கு வகுப்பைத் தொடங்கினாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, நானே ஆசையாய்ச் செருகியதைச் சந்தேகிக்க மட்டும் தோன்றவேயில்லை.