முனகாத பெட்டி

யுத்தம் முடிந்து என் கணவர் விழுப்புரம் திரும்பியபோது இடது காது சுத்தமாகப் போயிருந்தது. வலது காதில் பாதிதான் மிச்சம். பட்டாளத்தில் ஒயர்லெஸ் பிரிவில் இருந்தவர். பக்கத்தில் குண்டு விழுந்ததாம். அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். வந்த மூன்றாம் மாதமே, மதராஸிலிருந்து பழைய ரேடியோ வால்வுகளும் டிரான்ஸ்பார்மர்களும் வாங்கிவந்து மைக் செட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் கட்டத் தொடங்கினார்.

முதல் பெட்டி பார்க்க அத்தனை அழகு. இரும்புத் தகட்டின் மேல் வால்வுகள் ஒரு வரிசை. கரண்டை வாங்கும் பெரிய டிரான்ஸ்பார்மரும் ஒலிபெருக்கிக்கு அனுப்பும் சின்னதும் ஓரத்தில் ஒட்டினாற்போல ஜோடியாக நின்றன. அதை வளவனூரில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. நாயனம் ஓய்ந்த இடத்திலெல்லாம் ஒலிபெருக்கி வண்டு மாதிரி முனகியதாகப் பெண் வீட்டார் குறைப்பட்டார்களாம். அவருக்கு அது கேட்கவே இல்லை.

"வீட்டுல வெச்சிருந்தப்போ உனக்குக் கேட்டுதா?" என்றார்.

"கேட்டுதுங்க. எல்லாப் பெட்டியும் அப்பிடித்தான் முனகும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் காலை வால்வுகளைப் பிடுங்கி எடுத்தார். பெரிய டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் கரண்டு கொடுத்தார். சின்னதைத் திருகு கழற்றி, அதன் ஒயர்களில் ஹெட்போனை இணைத்து என் காதில் மாட்டினார். பெரியதிலிருந்து கிளம்பும் காந்தம் சின்னதைத் தொடுகிறது, முனகல் அதனால்தான் என்றார். எங்கே தொடவில்லை என்பதை என் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் சின்னதைத் தகட்டின் மேல் மெல்ல நகர்த்தினார், திருப்பினார். சத்தம் கூடினால் கையை உயர்த்தினேன்; குறைந்தால் தாழ்த்தினேன். அடுப்பில் உலை கொதித்து அடங்கியதுகூடத் தெரியவில்லை. எதிர் மூலையில், பெரியதற்குக் குறுக்கே திருப்பிக் கொஞ்சம் சாய்த்தபோது முனகல் நூலாக இளைத்து, இல்லாமலே போயிற்று. விரற்கடை நகர்த்தினால் திரும்பி வந்தது. பார்வைக்குக் கோணல்மாணலான இடம். சட்டைப் பித்தான் வரிசை பிசகினாலே பொறுக்காத மனிதர், யோசிக்காமல் அங்கேயே பென்சிலால் கோடு போட்டு, அந்த அழகான தகட்டில் புதிதாகத் துளை போட்டார்.

அடுத்த மாதம் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. பெட்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். செட்டை முடுக்கிச் சற்று நேரத்தில் வாத்தியார் ஒருவர் ஓடிவந்தார். ஒலிபெருக்கியில் வழக்கமான முனகல்கூடக் கேட்கவில்லையே, கெட்டுப்போய்விட்டதா என்று பதறினார். என் கணவருக்கும் தெரியவில்லை, என்னைத்தான் பார்த்தார். சரியாகத்தான் இருக்கிறது என்று நான் தலையசைத்தேன். அவர் மைக்கின் முன்னால் போய், "எல்லாரும் உக்காருங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சாலையோரப் புளியமரத்தடியில் நின்றவர்கள்வரை உட்கார்ந்தார்கள்.

வாத்தியார் ஆச்சரியப்பட்டு விசாரித்தபோது அவர் என்னைக் காட்டினார்.

"கட்டனது நான். கேட்டு சொன்னது இவங்க."

வீட்டில் அவருக்கு நான் 'நீ'தான். அந்த 'இவங்க' எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு மற்ற மைக் செட்டுக்காரர்கள் சிலர் வந்து, எங்கள் பெட்டியில் டிரான்ஸ்பார்மர் இருந்த இடத்தை அளந்துகொண்டு போனார்கள். அவர்கள் பெட்டி அப்படியும் முனகியது. ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் அதனதன் இடம் வேறு என்று என் கணவர் அவர்களை உட்காரவைத்து, ஹெட்போன் வித்தையை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். தொழில் போட்டி ஆயிற்றே என்று நான் கேட்டேன். ஊரில் நல்ல சத்தம் கேட்கட்டுமே என்றார், அந்தப் பாதிக் காதுக்காரர்.