தாம்பரம் என்று சொல்லிவிட்டார்!

"…சரியா சொல்றாரா? என்ன சரியா சொல்றாரு, டாக்டர்? தாம்பரம்னு சொல்றாரு! அதான் பயமா இருக்குங்கிறேன்!"

போன மாதம் ஆஸ்பத்திரி வார்டில் இப்படிக் கத்தியவர் எங்கள் எதிர்வீட்டுக் கோமதி அக்கா. கட்டிலில் படுத்திருந்தவர் அவர் கணவர், ராமமூர்த்தி சார்.

சாருக்கு அன்று காலையில் பக்கவாதம். வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. நல்லவேளை, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டார்கள். சாயங்காலம் கையைத் தூக்கினார், பேசினார். நான் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன்.

அப்போதுதான் நர்ஸ் கேட்டார், "சார், நீங்க எந்த ஊரு?"

"தாம்பரம்."

நர்ஸுக்குத் திருப்தி. டாக்டருக்கும் திருப்தி. எனக்கும்தான்.

ஆனால், நாங்கள் இருப்பது பீர்க்கன்கரணை. கௌரவத்துக்காக எல்லோரும் தாம்பரம் என்றுதான் சொல்லிக்கொள்வோம், பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட! சார் மட்டும் விடமாட்டார். தபால் ஆபீஸில் இருந்து ரிடையரானவர் அல்லவா? "தாம்பரம் வேற, பீர்க்கன்கரணை வேற. லெட்டர் எங்க போய் நிக்கும் தெரியுமா?" என்று கல்யாணப் பந்தியில்கூடச் சண்டை பிடிப்பார்.

"அக்கா, எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே…" என்று இழுத்தேன்.

"நீ சும்மா இரு தம்பி! நல்லா இருந்தா அவர் வாயில அது வருமா?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "ரத்த ஓட்டம் திரும்ப வந்துடுச்சும்மா. களைப்புல சொல்லியிருப்பார். ஸ்கேன் நாளைக்குக் காலையில எடுப்போம்."

இதில் ஒரு வேடிக்கை… ரத்தம் வராவிட்டாலும் மூளை கெடும். பட்டினி கிடந்த இடத்துக்குத் திடீரென்று திரும்பி வந்தாலும், சில சமயம் ரத்தக் குழாய் கசிந்து கெடும். வராவிட்டால் ஒரு தொல்லை, வந்தால் வேறு தொல்லை — சம்பந்தி வீட்டார் மாதிரி! சாருக்கு அப்படித்தான் கசிய ஆரம்பித்திருந்தது. ஸ்கேனில் ஆரம்பத்திலேயே பிடிபட்டதால் பிழைத்தார் என்று அந்த டாக்டரே பின்னால் சொன்னார். அவருக்குத் தெரிந்தது மூளை. அக்காவுக்குத் தெரிந்ததோ, அந்த மூளையின் பிடிவாதம்!

ஆனால், அந்த நிமிடம் இதெல்லாம் எங்களில் யாருக்குத் தெரியும்? "காலையில பார்க்கலாம்மா" என்று டாக்டர் நகர்ந்தார்.

அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். கட்டில் சக்கரத்தின் பிரேக்கைக் காலால் தட்டிவிட்டு, சாரோடு சேர்த்துக் கட்டிலை ஸ்கேன் ரூம் பக்கம் தள்ள ஆரம்பித்தார்.