கடைசியில் நடந்து வந்தவர்

வெள்ளிக்கிழமை மாலையில் சாந்தி அக்காவின் எண்ணிலிருந்து நம் நடைக் குழுவுக்கு ஒரு செய்தி வரும். ஞாயிறன்று போகப்போகும் இடத்தின் பெயர் அதில் இருக்கும். சென்ற வெள்ளியும் வந்தது. எழுதியது அவர் மகள். "அம்மா தவறிட்டாங்க." படிக்காமலே, பழக்கத்தில், ஒருவர் "வரேன் அக்கா" என்று பதில் போட்டுவிட்டார். பிறகு அழித்தார். நம்மில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

சுபாங் ஜெயாவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் அக்கா கணக்குப் பிரிவில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அலுவலகத்தில் யாரிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் என் மேசையிலேயே தனியாகச் சாப்பிடுவேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்ப? நடக்கச் சப்பாத்து இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் நடை பிரிக்பீல்ட்ஸில். பெயர்ப் பலகை எதுவும் இல்லாத பின்சந்தில், பழைய ரயில்வே தொழிலாளர் வீடுகளில் மிச்சமிருந்த ஒரு வரிசை. வாசலில் நின்ற பெரியவர், "இங்க என்னம்மா பார்க்க இருக்கு? என் கைலிதான் காயுது" என்றார்.

"அதைத்தான் பார்க்க வந்தோம் அங்கிள். கைலி காயுதுன்னா வீட்டுல இன்னும் ஆள் இருக்குலா" என்றார் அக்கா.

பெரியவர் சிரித்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் தேநீர் போடச் சொன்னார்.

குன்றுகளில் அக்காவுக்கு ஒரு விதி. மெதுவாக ஏறுபவர் முன்னால், வழி தெரிந்த அவர் கடைசியில். அதனால் எப்போதும் நான்தான் முன்னால். ஒருமுறை மூச்சு வாங்க நின்றேன். "இப்படிப் போனா மத்தியானச் சோத்துக்குத்தான் உச்சிக்குப் போவோம்" என்றார் ஒருவர்.

"சோறு ஓடிப்போகாது தம்பி. அவ கால் போற வேகத்துல நட."

பின்னாலிருந்து வந்த அக்காவின் குரலைக் கேட்டேனே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை.

தமக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்த பிறகு, அக்கா சாலாக் செலாத்தானில் தம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் இன்னொரு தடவை ஏறவேண்டும் என்றார். மேலேயிருந்து நகரத்தைப் பார்த்தால் போதுமாம். மகள் என்னைப் பார்த்தாள். நான் கூட்டிப்போகிறேன் என்றேன்.

அடிவாரத்தில், "இன்னிக்கு நான்தான் முன்னால" என்றார். அன்றுதான் அவர் முதுகை முதன்முறையாகப் பார்த்தேன். சட்டைக்குள் தோள் எலும்புகள் ஏறி இறங்கின. முதல் வளைவுக்கு முன்பே ஒரு மரவேரில் உட்கார்ந்துவிட்டார்.

இறங்கி வந்த இரண்டு பெண்கள், "மேல காத்து நல்லா இருக்கு ஆன்டி, போங்க" என்றார்கள்.

"போறோம்லா."

அவர்கள் மறையும்வரை சிரித்த முகமாகவே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுப்பாத. கொஞ்சம் இரு."

பின்னால் வருபவர் முன்னால் இருப்பவருக்கு என்ன செய்யவேண்டும்? இத்தனை ஞாயிறுகளில் அவர் எனக்குச் செய்ததை நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். கொசு விரட்டினேன். வேறொன்றும் தோன்றவில்லை. வெயில் ஏறியதும் இறங்கினோம்.

நீங்கள் குழுவில் அவருடைய படங்களைப் பகிர்கிறீர்கள். எல்லா உச்சியிலும் சிரிக்கிறார். என்னிடம் இருப்பது வியர்வையில் சட்டை ஒட்டிய அந்த முதுகு மட்டும், மேலே போகப் பார்த்து நின்றுபோனது. அதை நான் படம் எடுக்கவில்லை. உங்களுக்கு அனுப்ப வழியில்லை.