எந்தப் படம் என்று கேட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு நடந்தது இது. இடம், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம். இப்படி நாளும் நேரமும் சொல்வது என் பழக்கம். நூல் மில்லின் டைம் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவன் நான். ஷிப்டுக்கு யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்த்து, பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போடுவது என் வேலை.

வீட்டில் இன்னொரு பதிவேடு வைத்திருந்தேன். காதில் விழும் புதுப் பாட்டையெல்லாம் அதில் எழுதுவேன். தேதி, நேரம், கேட்ட இடம், முதல் அடி, படம், இசையமைப்பாளர் என்று கட்டம் போட்டு வைத்திருப்பேன். எங்கள் வாசகர் வட்டத்தில் யாருக்குப் பாட்டு பற்றிச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருடம் வாசகர் வட்டத்தில் ஒரு போட்டி வைத்தோம். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டமைத்த பாட்டைப் பாட வேண்டும். நடுவர் நான்.

பெயர் கொடுக்க வந்தவர்களில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம். லாரி புக்கிங் ஆபீசில் பில் போடுகிறவள். அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். மழைக்காலத்தில் ஊருக்கு வந்துவிட்டு, ஆயுத பூஜை முடிந்ததும் வண்டியோடு சத்தீஸ்கருக்குப் போய்விடுவார்.

“எங்கப்பா நான் பாடி ஒரு தடவகூடக் கேட்டதில்லீங்க. கோயமுத்தூர்ல ஒரு மியூசிக் குழு ஆறு மாசம் கூடப் பாட வரச் சொல்றாங்க. வர்ற சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லோணுங்க. இன்னிக்கு நீ பாடறதக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்னு அப்பா சொல்லிருக்காருங்க” என்றாள். மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையில் அவள் அப்பாவும், பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் பாட ஆரம்பித்தாள். மேசையைத் தட்டிக்கொண்டு, தறி ஓடும் தாளத்தில். முதல் சரணம் முடிவதற்குள் எனக்குப் பொறி தட்டியது. இந்தப் பாட்டை எங்கோ கேட்டிருக்கிறேன்! கையோடு கொண்டு போயிருந்த பதிவேட்டைப் புரட்டினேன். இருந்தது. ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை எட்டுப் பத்து, டவுன் பஸ். அதே முதல் அடி.

மணியை அடித்துப் பாட்டை நிறுத்தினேன்.

“அம்மிணி, இது உங்க சொந்தப் பாட்டா?”

“ஆமாங்க. நானே எழுதுனதுங்க.”

“போன மாசமே டவுன் பஸ்ஸுல ஓடிட்டு இருந்துதே! எங்கிட்டத் தேதியோட எழுதி வெச்சிருக்குது. எந்தப் படம்னு நீங்களே சொல்லிடுங்க.”

“படமெல்லாம் இல்லீங்க. நான் பாடி, நானே நெட்டுல ஏத்தி உட்டதுங்க.”

பின் வரிசையில் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: “படமில்லாமப் பாட்டா? பொண்ணில்லாமக் கல்யாணம் பண்ணுன மாதிரியல்ல இருக்குது!” மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் அவசரமாகத் தன் போனை எடுத்து என் பக்கம் நீட்டினாள். நான் அதை வாங்கவில்லை. “போனுல யார் வேணும்னாலும் எது வேணும்னாலும் போடலாம் அம்மிணி. எங்கிட்ட இருக்கறது எழுத்து” என்று பதிவேட்டைத் தூக்கிச் சபைக்குக் காட்டினேன். சிலர் கை தட்டினார்கள்.

அப்போது அவள் அப்பா எழுந்து மேடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

“தப்புங்க. புள்ள தெரியாமப் பண்ணிப்போட்டுதுங்க. படிச்சவிய நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். பிறகு அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “வா சாமி, போலாம்” என்றார்.

நான் பெருந்தன்மையோடு தலையசைத்து அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். இதை எழுதும்போதும் அந்தத் தலையசைப்புத்தான் என்னைக் கூசவைக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை. அதே எட்டுப் பத்து டவுன் பஸ். அதே பாட்டு. என் கண்டுபிடிப்பை முழுமையாக்கும் ஆசையில் டிரைவரிடம், “இது எந்தப் படமுங்க?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “எந்தப் படமும் இல்லீங்க. நம்மூர்ப் பக்கத்துப் புள்ள ஒண்ணு தானே பாடி உட்டிருக்குது. இதப் போடலீன்னா காலேஜ் புள்ளைங்க என்னை வண்டியெடுக்க உடாதுங்க. இப்பெல்லாம் பாதிப் பாட்டு இப்பிடித்தானுங்க, படத்துக்கே வராது.” பஸ் நின்றதும் ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்த போனை என் பக்கம் திருப்பினார். அவள் பெயர். அவள் முகம்.

அன்றுதான் பாட்டை முழுதாகக் கேட்டேன். முதல் சரணத்தில் ஒரு வீடும் நாள்காட்டியும் மட்டும்தான். இரண்டாவதில்தான், புருவமெல்லாம் போர்வெல்லின் வெள்ளைக் கல்தூளோடு ஒரு மனிதர் ஊர் திரும்புகிறார். அது அவள் அப்பாவின் காதில் விழுவதற்கு முன்பே நான் மணி அடித்துவிட்டேன்.

உடனே அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்த மெட்டு ஏதாவது பழைய படத்தில் இருந்துவிடாதா என்று நான்கு நாட்கள் தேடினேன். இருந்தால் என் மானம் தப்பும் அல்லவா! கிடைக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. கடைசி இரண்டு வருடப் பக்கங்களில் ‘படம்’ என்ற கட்டத்தில் பாதிக்குமேல் ‘தெரியவில்லை’ என்றே எழுதியிருந்தேன். டீக்கடையில், சலூனில், அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் கேட்ட பாட்டுகள் அவை. படமே இல்லாமல் ஆட்கள் தாங்களே பாடிய பாட்டு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனையையும் என் கையாலேயே எழுதி வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் இருந்தவன் நான்.

அதன் பிறகும் நாளை, நாளை என்று தள்ளினேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம்தான் பதிவேட்டோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“தப்பு என்மேலதான் அம்மிணி” என்றேன். சொன்ன பிறகு, “கோயமுத்தூருக்கு…” என்று இழுத்தேன்.

அவள் அம்மாதான் பதில் சொன்னார். “அப்பா வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க. சனிக்கிழமையோட அவிய வேற ஆளு பாத்துக்கிட்டாங்க.”

திங்கட்கிழமையே எனக்கு உண்மை தெரியும். சனிக்கிழமை வரை நேரம் இருந்தது.

அவள் என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி, அந்த ஆவணிச் செவ்வாயைத் தேடிப் படித்தாள். ஓரத்தில் நானே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்: ‘பின் சீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கூடவே பாடினார்கள்.’ மண்டபத்தில் அந்த வரியை நான் படிக்கவில்லை.

“இதை அன்னிக்குச் சபையில படிச்சிருந்தீங்கன்னா, எம்பாட்டை இத்தன பேரு கூடவே பாடறாங்கன்னாவது எங்கப்பா கேட்டிருப்பாருங்க” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பிறகு தன் போனில் அப்பாவை அழைத்து என்னிடம் நீட்டினாள். “நீங்களே சொல்லிடுங்க.” இந்த முறை அந்தப் போனை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் ரிக் ஓடும் இரைச்சல். சத்தம் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரைச்சலைத் தாண்டி வந்து நின்றார் போல, குரல் தெளிவாகக் கேட்டது.

“அப்ப எம்புள்ள பொய் சொல்லலீங்களா?”

“இல்லீங்க. நான்தான் தப்பாச் சொன்னேன்.”

“அன்னிக்கிருந்து நானு அவகூடப் பேசலீங்க” என்றார். “போனை அவகிட்டக் குடுங்க.”

கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். உள்ளே அவள் அழுவது கேட்டது. அப்புறம் பாடுவது கேட்டது, இரண்டாவது சரணம். நின்று கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நடந்துவிட்டேன்.

அவள் இன்னும் பில் போட்டுக்கொண்டே புதுப் பாட்டுகளை ஏற்றுகிறாள் என்று டிரைவர் சொல்கிறார். அடுத்த வருடப் போட்டியில் மேடையேறி, நடந்ததைச் சபையில் சொன்னேன். ஆனால் அதைக் கேட்க, முந்தைய வருடம் சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இல்லை. கோயமுத்தூர்க் குழுவும் திரும்பக் கூப்பிடவில்லை. பதிவேட்டில் ‘படம்’ என்ற கட்டத்தை இப்போது எடுத்துவிட்டேன். ஆனால் ஐந்து நிமிடத் தாமதத்துக்கெல்லாம் அடுத்தவர் பெயரில் சிவப்புக் கோடு போட்ட எனக்கு, அந்தத் திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவே நான் தாமதித்த பத்து நாளுக்குப் போட எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடைக்கவில்லை.