பாறையில் கற்பூரக் கரி

அடுத்த மாதம் எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை நேர்காணல். 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து வந்து பாரிஸின் லா சப்பலில் குடியிருக்கும் எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை இல்லை. அந்தப் பயத்தைக் கலிபோர்னியாவில் இருக்கும் மச்சாளிடம், என் கணவரின் அக்காவிடம், சொன்னவள் நான்தான். ஆகவே நடந்ததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியவில்லை.

விருந்தாளிகளாகப் போன எங்களை அவர் பாலைவனப் பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப்போனார். யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு மறந்துபோனதுபோல எங்கும் உருண்டைப் பாறைகள். விமானக் களைப்பே எனக்குத் தீரவில்லை. மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு முக்கால் மணிநேரம் நடந்தேன். பெரியவர்களின் தண்ணீர் முடிந்து, அவளுடைய போத்தல் மட்டும் மிச்சம் இருந்தது.

ஒரு பாறையின் முன் மச்சாள் நின்றுவிட்டார். "இஞ்சை பார் பிள்ளை, தும்பிக்கை, வண்டி வயிறு... பிள்ளையாரேதான்!"

"அக்கா, உங்களுக்கு எந்தக் கல்லுதான் பிள்ளையார் இல்லை?" என்றார் கணவர்.

"சும்மா இரடா. உங்கடை குடியுரிமைப் பேப்பருக்காகத்தான் கொளுத்துறன்."

கற்பூரமும் தீப்பெட்டியும் அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும். நெருப்பு மூட்டக் கூடாது என்ற அறிவிப்பை வாசலில் வாசித்திருந்தும் நான் மகளைத் தோள் மாற்றிக்கொண்டேன். மூத்தவரை எப்படித் தடுப்பது?

கற்பூரம் அணைந்தபோது பூங்காக் காவலர் ஒருவர் தூரத்தில் வந்துகொண்டிருந்தார். எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டால் நேர்காணல் நடக்கும் பிரெபெக்சூர் அலுவலகத்தில் என்ன சொல்வது? மகளை இறக்கிவிட்டு, அவளைத் துடைக்கும் ஈரத்துணியால் பாறையில் படிந்த கரியைத் தேய்த்தேன். போகவில்லை. மகளின் போத்தலைக் கவிழ்த்து ஊற்றித் தேய்த்தேன்.

"என்ன செய்யிறாய்? பிள்ளையின்ரை தண்ணியெல்லே!" என்றார் கணவர்.

காவலர் பாறையைப் பார்க்கவே இல்லை. மகளின் சிவந்த முகத்தைப் பார்த்து, "குழந்தைக்குத் தண்ணீர் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இருக்கிறது," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

அவர் பத்தடி போயிருப்பார். "மமோ, ஜே சுவாஃப்," தாகமாக இருக்கிறது என்று மகள் என் காலில் முகத்தைத் தேய்த்தாள். நான் கூவி அவரைத் திருப்பிக் கூப்பிட்டேன். முதலில் சொன்னது பொய், தண்ணீர் இல்லை என்றேன்.

அவர் திரும்பி வந்து தன் போத்தலை நீட்டினார். மகள் மூச்சு விடாமல் குடித்தாள். நகங்களுக்குள் கரி ஏறியிருந்த வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடக்கையால் போத்தலைப் பிடித்திருந்தேன். காருக்கு இன்னும் முக்கால் மணிநேரம் நடக்க வேண்டும்.